பேச்சு அறுந்தவனுக்கே கார்டு

ஃபிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மாற்றியதுதான் ஆஷிகாவும் அவளுடைய வாப்பா மசூதும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

பழைய ரப்பர் கீழ் மூலையில் கிழிந்து, உள்ளே எப்போதும் தண்ணீர் கோத்துக்கொண்டே இருந்தது. புது ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கிக் கொடுப்பது மசூதின் பங்கு. சூடு ஆறுவதற்குள் அதைக் கதவின் பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டே போவது அவள் பங்கு. அவர் ஆயுள் முழுக்க ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் பார்த்தவர். அவள் சென்னையில் ரத்தப் பரிசோதனை மெஷின்களைப் பழுது பார்க்கிற சர்வீஸ் என்ஜினீயர். வேலை நடக்கும்போது இரண்டு பேருக்கும் பேச்சு தேவைப்படாது. மூலை வந்தால் அவர் டார்ச்சைச் சாய்ப்பார். அவள் கையை நீட்டினால் ஸ்க்ரூடிரைவர் வரும்.

முடித்ததும் ஒரு பஸ் டிக்கெட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். மற்ற பக்கமெல்லாம் பிடித்தது. கீழ் மூலையில் டிக்கெட் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் தலை உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து அந்த மூலைக்குச் சூடு காட்டினாள். மறுபடியும் டிக்கெட்டை வைத்தார். இந்தத் தடவை அது கிழிந்ததே தவிர வரவில்லை.

“பிடிச்சிட்டு,” என்றார். அதற்கு மேல் அவரிடம் பாராட்டு கிடைக்காது.

கை கழுவும்போது கேட்டார். “ஏட்டி, பிளாஸ்டிக்ல ஒட்டுன ஸ்டிக்கர் பசைய எடுக்க நீங்கள்லாம் என்ன போடுவீக?”

“தின்னர் இருக்கே வாப்பா, கடையில.”

“தின்னர் போட்டா படமும் சேந்து வந்துரும். மெல்லிசா எதும் வேணும்.”

“ஐ.பி.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. லென்ஸ் தொடைக்கது. அடுத்த வாட்டி வரும்போது கொண்டாறேன்.”

“கொண்டா. அது வந்ததும் கடையத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும். சலீமப் பாக்கணும்.”

“சலீம் மாமாவப் பாக்க ஐ.பி.ஏ. எதுக்கு?”

அவர் சிரித்துக்கொண்டே துண்டில் கையைத் துடைத்தார். “நீ கொண்டா, பெறகு பாப்போம்.”

அடுத்த தடவை அவள் வந்தது அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர், நெஞ்சு எரிகிறது, சுக்குத் தண்ணீர் போடு என்றிருக்கிறார். உம்மா ஹாஜரா பீவி அதைக் கொண்டு வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒரு மெஷின் நின்றுபோனால் எந்தப் பாகம், ஏன் என்று ஆஷிகாவால் எழுதிக் கொடுக்க முடியும். இதற்கு எழுதிக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஐ.பி.ஏ. பாட்டில் ஊருக்குக் கொண்டுவருகிற பையில் முன்பே போட்டு வைத்தது. அது பையிலேயே கிடந்து, அவளோடு சென்னைக்குத் திரும்பிப் போயிற்று.

*

மசூது தென்காசியில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவர். தறியில் உட்காரப் பிடிக்காமல் திருநெல்வேலியில் ஒரு மெக்கானிக் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு, இருபத்து நாலு வயதில் ஷார்ஜாவுக்குப் போனார். நாற்பது தாண்டித் திரும்பி வந்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு கடை போட்டார். பணம் பெரிதாகச் சேரவில்லை. பெட்டியில் அத்தரும் தைலமும் கொண்டு வந்தார். கூடவே ஒரு ஆல்பம். அதில் போன் கார்டுகள்.

செல்போன் வராத காலம் அது. அங்கே ரோட்டோர போனில் கார்டைச் செருகித்தான் ஊருக்குப் பேச வேண்டும். பேசப் பேச, போனில் இருக்கும் எண் இறங்கிக்கொண்டே வரும். பூஜ்யம் ஆனால் பாதிச் சொல்லில் பேச்சு அறுந்துபோகும். மசூதின் அறையில், கடையத்து சலீமையும் சேர்த்து எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைதோறும் காசு போட்டு ஒரு கார்டு வாங்குவார்கள். ஜும்மா தொழுகை முடிந்து, வெயிலில் வரிசையாக நின்று, ஆளுக்குக் கொஞ்சமாகப் பேசுவார்கள். காலியான கார்டில் பறவைப் படங்கள் இருந்ததால் அதற்கும் போட்டி வந்தது. ஒருநாள் கைகலப்பு வரைக்கும் போன பிறகு அறையில் ஒரு சட்டம் போட்டார்கள். யார் பேசும்போது கார்டு தீர்கிறதோ அவனுக்கே கார்டு. பாவம், அவன் பேச்சுதானே அறுந்தது. அடுத்தவன் கார்டோடு கலந்துவிடாமல் இருக்க, கார்டின் முதுகில் குண்டூசியால் அவனவன் எழுத்தைக் கீறி வைத்துக்கொள்வார்கள்.

மசூதுக்கு எங்கேயும் கடைசியில் நிற்கிற பழக்கம். ரேஷன் கடையிலும் அப்படித்தான், கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். ஐந்தருவியில் பத்து பேருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, தலை நனையாமலே வெளியே வந்திருக்கிறார். போன் வரிசையிலும் மற்றவர்கள் முழுசாகப் பேசட்டும் என்று பின்னால் நின்றார். அதனால் பெரும்பாலான கார்டுகள் அவருக்கே வந்தன. எல்லாவற்றின் முதுகிலும் ‘ம’.

“உங்க வாப்பா அங்கனயிருந்து ஒரு பேச்சையும் முழுசா முடிச்சது கெடயாது,” என்பாள் ஹாஜரா பீவி. “மீதிய நானா நெனச்சிக்கிடணும்.”

பறவை வரிசையில் பதினாறு படங்கள். இரண்டுதான் அவரிடம் இல்லை. ஒன்று ராஜாளி, இன்னொன்று பூநாரை. ஆல்பத்தில் அந்த இரண்டு இடமும் வருடக்கணக்காகக் காலியாகவே கிடந்தன.

*

போன சீசனில் சாரல் நன்றாக இருந்த ஒரு நாள், ஆஷிகா லீவில் வந்து அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருந்தாள். குளித்துவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி, மங்குஸ்தான் தின்றுகொண்டே இருவரும் கார் நின்ற இடத்துக்கு நடந்தார்கள். வழியில், ஒரு மேசைமேல் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பழைய காசும் ஸ்டாம்பும் விற்றுக்கொண்டிருந்தார் ஏசுதாசன் என்ற வியாபாரி. பழைய பேப்பர் கடைகளில் அலசி எடுத்து சீசனுக்குச் சீசன் கடை போடுகிறவர்.

மசூது சட்டென்று நின்றார். மேசையில் ராஜாளியும் பூநாரையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பழத்தோலைக் கீழே போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ராஜாளியை எடுத்துத் திருப்பினார். முதுகில் விலை ஸ்டிக்கர். அதன் ஓரத்தில் குண்டூசிக் கீறல் ஒன்று பாதி தெரிந்தது. கார்டைத் திரும்ப மேசையில் வைக்கவில்லை. அதை ஏசுதாசனும் பார்த்துவிட்டார்.

“எவ்வளவு?”

“தனியா குடுக்க முடியாது பாய். ரெண்டும் ஜோடி. நாலாயிரம்.”

“ராஜாளியும் நாரையும் எந்த ஊர்ல அண்ணாச்சி ஜோடி சேருது?” என்றாள் ஆஷிகா.

“கலெக்‌ஷன்ல சேரும் தங்கச்சி. நாரையப் பாருங்க, மெஷின்லயே போடாத கார்டு. ஒரு செகண்டு பேசல. வெலையே அதுக்குத்தான். ராஜாளி முதுகுல எவனோ கீறி வச்சிருக்கான். அத சும்மாதான் தாரேன்.”

“அப்ப சும்மா குடுக்கத மட்டும் குடுங்க. நாங்க போறோம்.”

“அதான் தனியா கெடயாதுங்கேன்.”

“பேசாத கார்டு எனக்கு எதுக்குடே?” என்று மசூது முணுமுணுத்தார். ஆனால் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கவில்லை. கார் டயர் மாற்ற வைத்திருந்த பணம் அது.

வண்டியில் ஏறியதும் ஆஷிகா போனில் தேடிக் காட்டினாள். “பாருங்க. இதே ராஜாளி. ஒரு கீறல் இல்லாம எரநூறு ரூவா. வீட்டுக்கே வந்துரும்.”

“அது வேற.”

“படம் ஒண்ணுதானே வாப்பா?”

“படம் ஒண்ணுதான்,” என்று ஒத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் ஹாஜரா பீவி விடவில்லை. “நாலாயிரத்துக்கு ரெண்டு குருவி வாங்கிட்டு வந்திருக்காவ. கோழி வாங்கியிருந்தா முட்டையாவது போடும்.”

அவர் அதற்கும் சிரித்தார். பாதிச் சொல்லில் அறுந்த பேச்சாகவே பழகியவர். வீட்டிலும் எதையும் முழுசாகச் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை. செட் முழுசாக வேண்டும் என்ற ஆசையில் கிழவர் ஏமாந்துவிட்டார் என்றே ஆஷிகா நினைத்துக்கொண்டாள்.

*

வாப்பாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவள் மறுபடி ஊருக்கு வந்தாள். உம்மா இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. வெளி ஆண்கள் முன்னால் வரவும் கூடாது. ஹாஜரா பீவி அறையிலேயே இருந்துகொண்டு, அடுப்படியில் எத்தனை படி அரிசி, எத்தனை கிலோ கறி என்று குரலாலேயே வீட்டை நடத்திக்கொண்டிருந்தாள்.

ஃபாத்திஹாவுக்கு முந்தின நாள் அலமாரியை ஒதுங்க வைத்தபோது ஆல்பம் கிடைத்தது. ஆஷிகா பறவைப் பக்கத்தைப் பிரித்தாள். பூநாரை அதன் இடத்தில் இருந்தது. ராஜாளியின் இடம் காலி.

“எம்மா, ராஜாளியக் காணும்.”

“கண்ணாடிக் கூட்டுல பாரு.”

இருந்தது. வாப்பாவின் கண்ணாடிக்கு அடியில், ஒரு துணியில் சுற்றி. முதுகில் ஸ்டிக்கர் பாதி உரிந்து, பசை அழுக்குப் பிடித்துக் கறுத்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்து, படம் போய்விடுமோ என்று பயந்து நிறுத்தியிருக்கிறார். பசைக்கு அடியில் இருந்த எழுத்து ‘ம’ இல்லை. ‘ச’.

“இது வாப்பா கார்டு இல்லியே?”

“சலீமுக்குள்ளது,” என்றாள் ஹாஜரா பீவி. “எனக்கே இந்தக் கார்த்திகையிலதான் சொன்னாவ. அது வரைக்கும் நானும் குருவி குருவின்னு ஏசிக்கிட்டுதான் கெடந்தேன். இங்க வந்து உக்காரு.”

கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னாள்.

“நீ பொறந்து மூணாம் நாளு. வெள்ளிக்கிழம. உங்க வாப்பா அன்னைக்கு ஒரு நாளுதான் வரிசையில முன்னால போயி நின்னிருக்காவ. சலீம்தான், நீ முன்ன பேசு மச்சான், ஒனக்குப் புள்ள பொறந்திருக்குன்னு தள்ளிவிட்டாராம். இங்க போன் உள்ளது எதுத்த வீட்டு பிச்சம்மா அக்காட்ட மட்டுந்தான். என்னால எந்திரிக்க முடியல. அக்கா ஒன்னயத் தூக்கிட்டுப் போயி, புள்ள சத்தம் அவுகளுக்குக் கேக்கட்டும்னு உள்ளங்கால்ல சுண்டியிருக்கா. நீ அழல.”

“அழலியா?”

“அசையவே இல்ல. கல்லு மாதிரி கெடந்தியாம். அக்கா சுண்டுதா, கிள்ளுதா, நீ தூங்குத. உங்க வாப்பா அங்கன காதுல வச்சிக்கிட்டே நிக்காவ. எண்ணு எறங்கிக்கிட்டே இருக்கு. கடைசியா நீ ஒரு மொனகல் மொனகுன பெறகுதான் போன வச்சாவ. அடுத்து சலீமு. அவுக உம்மா போன வாங்கி, ‘எய்யா, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்’ன்னாளாம். அதோட அறுந்துபோச்சி.”

ஆஷிகா கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேற கார்டு வாங்கியிருக்கலாம்லா?”

“வாங்கலாம்னுதான் உங்க வாப்பா சொன்னாவ. சலீம்தான், அடுத்த வெள்ளிக்கிழம கேட்டுக்கிடுதேன், எங்க உம்மா வேற என்ன சொல்லப்போறா, பைசா அனுப்புன்னுதான் சொல்லுவான்னு சிரிச்சிட்டாராம். அடுத்த வெள்ளிக்கு அந்த உம்மா இல்ல.”

சட்டப்படி கார்டு சலீமுக்குப் போயிற்று. அவர் அதன் முதுகில் ‘ச’ என்று கீறி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எட்டுப் பேர் இருந்த அறையில் அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சலீம் மசூதை ஒரு சொல் சொன்னதில்லை. ஊருக்கு வந்த பிறகும், பெருநாளுக்குப் பெருநாள் கடையத்திலிருந்து வந்து, ஆஷிகாவின் தலையைத் தட்டி, “இந்தக் கல்லுளிமங்கி அழுதாளா?” என்று கேட்பார். ஏன் அப்படிக் கேட்கிறார் என்று அவளுக்கு இது வரைக்கும் தெரியாது.

“பெறகு ஏன் வாப்பா அன்னைக்கே கொண்டுபோய்க் குடுக்கல?”

“எப்பிடிக் குடுக்க? சலீமுட்ட இருக்க வேண்டியது குத்தாலத்து ரோட்டுல கெடக்குன்னா, யாரோ வித்திருக்கணும்லா. அவரே கை முடையில வித்திருந்தா, கொண்டுபோய் நீட்டுனா அவருக்கு எப்பிடி இருக்கும்? மகன் தெரியாம பழைய பேப்பரோட போட்டிருந்தா, வீட்டுல சண்ட வந்துரும். சலீமுக்கு இப்ப ஒரு கையும் காலும் வராது, மகன நம்பித்தான் இருக்காரு. மாசக்கணக்கா இதையே யோசிச்சிக்கிட்டுக் கெடந்தாவ மனுசன். பெறகு ஒரு வழி கண்டுபிடிச்சாவ. என் பெட்டியில ஒன் கார்டு கலந்து கெடந்துச்சி மச்சான்னு சொல்லிக் குடுத்துரலாம். அதுக்கு அந்த வெல ஸ்டிக்கர் போவணும். அது போவல.”

*

மறுநாள் ஃபாத்திஹா ஓதி, சாப்பாடு பரிமாறி, ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சலீமின் மகன் முஃபீத் கை கழுவிவிட்டு வந்து ஆஷிகாவிடம் விடைபெற்றான். ஆசாரி மாதிரி காதில் பென்சில் செருகியிருந்தான். கடையத்தில் பிளைவுட் கடை வைத்திருக்கிறான்.

“வாப்பாவால வர முடியல. மாமா மௌத்தான அன்னையிலேர்ந்து, என்னையக் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்னு ஒரே அனத்தல். கையும் காலும்தான் நின்னுச்சி, வாய் நிக்கல.”

“மாமா என்ன சொல்லுதாவ?”

“மசூது வாரேன்னான், ஒண்ணு கொண்டாறேன்னான், வரலையேன்னு சொல்லுதாவ. என்ன கொண்டாறேன்னு சொன்னாவன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

கண்ணாடிக் கூடு அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இவனிடமே கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆஷிகா எழுந்தாள்.

“ஏட்டி!” அறைக்குள்ளிருந்து உம்மாவின் குரல். “இங்க வா. அந்தத் தம்பிக்குக் குடுக்க கறிச் சட்டி எங்க வச்சிருக்க?”

உள்ளே போனாள். ஹாஜரா பீவியின் மடியிலேயே தூக்குச்சட்டி மூடியோடு இருந்தது. அதை நீட்டியபடி தலையை மட்டும் வேண்டாம் என்று ஆட்டினாள். ஆஷிகா சட்டியைக் கொண்டுவந்து முஃபீதிடம் கொடுத்தாள்.

“மாமாட்ட சொல்லுங்க. நானே ஒருநாள் வாரேன்.”

அவன் போன பிறகு உம்மாவின் அறைக்கு வந்து, பையிலிருந்து ஐ.பி.ஏ. பாட்டிலை எடுத்தாள்.

“அது என்னது?”

“ஐசோபுரொபைல் ஆல்கஹால்.”

“ஆல்கஹாலா! ஃபாத்திஹா ஓதுன வீட்டுல?”

“இது குடிக்கது இல்லம்மா. தொடைக்கது.”

“எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவானுவ,” என்றாள் ஹாஜரா பீவி. நாற்பது நாளில் முதல் தடவையாக அவள் வாய் கோணி, சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று.

புது திரவத்தை நேராகப் பொருளில் போடக் கூடாது. முதலில் வேறொன்றில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆஷிகா ஆல்பத்திலிருந்து பூநாரையை உருவினாள். ஏசுதாசன் விலை வைத்த கார்டு. அதன் முதுகு ஓரத்தில் ஒரு சொட்டுத் தொட்டு, பஞ்சால் ஒற்றிப் பார்த்தாள். அச்சு கலையவில்லை, நிறமும் மாறவில்லை.

“இதுல இன்னும் பேசுறதுக்கு இருக்கும்லா?” என்று உம்மா கேட்டாள். “ஒரு செகண்டுகூட பேசலன்னு சொன்னானே.”

“இருக்கும். போட்டுப் பேச மெஷின்தான் எங்கயும் கெடயாது.”

பிறகு ராஜாளியை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஸ்டிக்கரின் ஓரத்தில் பஞ்சை வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். தேய்க்கவில்லை. பசை மெல்ல இளகி, தாள் மடிந்து சுருண்டு வந்தது. அவசரப்பட்டிருந்தால் கீறலுக்குள் அழுக்கு இறங்கியிருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் எழுத்தின் வளைவோடு போய்ச் சுத்தம் செய்தாள். ‘ச’ முழுசாகத் தெரிந்தது. கடைசிக் கோடு இழுத்தபோது ஊசி வழுக்கியிருக்கிறது. வால் கொஞ்சம் நீண்டிருந்தது.

“பிடிச்சிட்டு,” என்று வாய் தானாகச் சொன்னது. பொருத்தமில்லாத சொல். உம்மா கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“சரி, சலீமுட்ட என்ன சொல்லுவ? சொல்லு பாப்போம்.”

“மாமா, வாப்பா பெட்டிய ஒதுங்க வச்சோம். ஒங்க கார்டு ஒண்ணு அவுக கார்டோட கலந்து கெடந்துச்சி.”

“ரிப்போர்ட்டு வாசிக்க மாதிரி சொல்லுத. போன ஒடனே நீட்டாத. உக்காரு. டீ குடுத்தா குடி. ஒன்னயக் கல்லுளிமங்கின்னுவாரு, சொல்லிட்டுப் போறாரு. கெளம்பும்போது, மறந்துபோயிட்டேன் மாமான்னு பையத் தொறந்து எடு. உங்க வாப்பான்னா அப்பிடித்தான் குடுப்பாவ.”

“மாமாவே வித்திருந்தா?”

“வித்தவருக்கு வித்தது தெரியும். பேசாம வாங்கிக்கிடுவாரு.”

“மகன் வித்திருந்தா?”

“அதுக்குத்தான் அவன் கையில குடுக்கண்டாம்னேன். நாளைக்கு வெள்ளிக்கிழம. ஜும்மா நேரத்துல போ. அவன் பள்ளிவாசல்ல இருப்பான்.” பிறகு, “நான் வந்திருந்தா நல்லா சொல்லியிருப்பேன்,” என்றாள் வாசலைப் பார்த்து.

ஆஷிகா பூநாரையைத் திரும்ப ஆல்பத்தில் செருகினாள். பக்கத்தில் ராஜாளியின் இடம் காலியாக இருந்தது.

“எரநூறு ரூவாய்க்கு வேற ஒண்ணு வாங்கி இதுல வச்சிரவா?”

“வேண்டாம்ட்டி. அது கெடக்கட்டும்.”

ராஜாளியை அதே துணியில் சுற்றிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். வாப்பாவின் கண்ணாடியை எடுத்து வெளியே வைக்கலாமா என்று யோசித்து, எடுக்காமலே மூடினாள். கடையத்துக்கு எந்த ரோடு, எங்கே திரும்ப வேண்டும், சலீம் மாமா வீடு எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியாது. அங்கெல்லாம் வாப்பா கூட்டிப் போவார் என்றுதான் அதுவரை இருந்தாள்.